முகத்தில் பூசும் புரோபயாடிக்: பாட்டிலில் இருப்பது என்ன?

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம். மூத்த மகளுக்கு வயது 19, மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு வருடமாக முகத்தில் பரு. ஆன்லைனில் பார்த்து 'புரோபயாடிக் சீரம்' என்று ஒன்றை 1,250 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறாள். நல்ல பாக்டீரியா தோலைச் சரிசெய்யும் என்று அதில் போட்டிருக்கிறது. பாக்டீரியா என்றால் கிருமிதானே, அதைப் போய் முகத்தில் பூசலாமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என் மாமியாரோ, "இதுக்குத்தான் நாங்க அப்பவே தயிர் தேய்ச்சோம்" என்கிறார். 5 வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் (எக்ஸிமா) இருக்கிறது. இந்த சீரத்தை அவனுக்கும் போடலாமா, இல்லை தயிரே போதுமா? மகள் இதற்கு முன் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீமை ஏழெட்டு மாதம் போட்டாள். அப்போது முகம் பளிச்சென்று இருந்தது. விட்டால் சிவந்து எரிகிறது என்று இப்போதும் இடையிடையே போட்டுக்கொள்கிறாள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வியாகக் கேட்டது மூன்று. நான்காவதாக ஒன்றைக் கேட்காமலே, கடைசி இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன், கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த சீரத்தால் மகளுக்குக் கிருமித்தொற்று வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அதனாலேயே பரு போய்விடும் என்று நம்பவும் வேண்டாம். மகனுக்கு அதைப் போடாதீர்கள், தயிரையும் போடாதீர்கள்.

முதலில் உங்கள் பயம். கிருமி என்றாலே நோய் என்று சின்ன வயதிலிருந்தே நாம் பழகிவிட்டோம். ஆனால் நோயே இல்லாத ஆரோக்கியமான தோலில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. எண்ணெய் வடியும் நெற்றியில் ஒரு கூட்டம், வியர்க்கும் அக்குளில் வேறு கூட்டம், உலர்ந்த முன்கையில் இன்னொன்று. உங்கள் பக்கத்துக் கண்மாயை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் நிற்கும்வரை உள்ளே அயிரையும் கெளுத்தியும் இருக்கும், ஓரத்தில் நாணல் இருக்கும், கொக்கு வரும். இரண்டு மூன்று வருடம் வற்றிக் கிடந்தால் சீமைக்கருவேலம் உள்ளே இறங்கிவிடும். தோலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற சாதுவான பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்து வைத்திருப்பதோடு, வம்பு செய்யும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸை அடக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. கரப்பான் வந்த தோலில் இந்தச் சாதுக்கள் குறைந்து ஆரியஸ் பெருகியிருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

பருவுக்கும் இதே கதை பொருந்துமா என்றால், முழுதாகப் பொருந்தாது. பருவோடு சேர்த்துப் பேசப்படும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பரு இல்லாத முகத்திலும் ஏராளமாக இருக்கிறது. அதற்குள்ளேயே பல உள்வகைகள் உண்டு. சில பரு உள்ளவர்களிடம் அதிகமாகவும், சில நல்ல தோலில் அதிகமாகவும் தென்படுகின்றன. ஆகவே அந்த ஒரு பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் பரு போய்விடும் என்று சொல்ல முடியாது. ஹார்மோன், எண்ணெய்ச் சுரப்பு, துவாரம் அடைப்பது, அழற்சி எல்லாம் சேர்ந்து வருவது பரு.

சரி, பாட்டிலுக்கு வருவோம். புரோபயாடிக் என்ற சொல்லுக்கு ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் ஒரு வரையறை கொடுத்தது. போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பது அதன் சாரம். 'உயிருள்ள' என்ற சொல்லைக் கவனியுங்கள். தண்ணீர் கலந்த எந்த சீரமும் க்ரீமும் கெட்டுப்போகாமல் இருக்க ஃபீனாக்ஸிஎத்தனால் போன்ற ஒரு பதப்பொருளைச் சேர்ப்பார்கள். பாக்டீரியா, பூஞ்சை எதையும் வளரவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. நல்ல பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்க அதற்குத் தெரியாது. அப்புறம் அந்தப் பார்சல் எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்று யோசியுங்கள். கிடங்கில் கிடந்து, லாரியில் வந்து, சித்திரை வெயிலில் டெலிவரி செய்பவரின் பைக்குள் அரை நாள் வெந்து வந்திருக்கும். இதையெல்லாம் தாண்டி ஒரு பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டுமானால் அதற்கென்றே தனியாகத் தயாரித்து, தனியாகப் பாதுகாத்து அனுப்பியிருக்க வேண்டும்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் லாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்ட், பிஃபிடா ஃபெர்மென்ட் லைசேட், ஃபில்ட்ரேட் என்ற மாதிரி எழுதியிருக்கும். லைசேட் என்றால் பாக்டீரியாவை உடைத்து எடுத்த சாறு. ஃபில்ட்ரேட் என்றால் அதை வளர்த்த திரவத்தை வடிகட்டி எடுத்த தெளிவு. இரண்டிலும் உயிர் கிடையாது. இப்படிப்பட்ட உயிரற்ற பொருள்களுக்குப் 'போஸ்ட்பயாடிக்' என்ற தனிப் பெயரையும் வரையறையையும் 2021இல் இத்துறை விஞ்ஞானிகளின் சர்வதேசச் சங்கம் வெளியிட்டது. அதன்படி பார்த்தால் வடிகட்டிய தெளிவு அந்தப் பெயருக்குள்கூட வராது, பாக்டீரியாவின் உடலோ உடைந்த பகுதியோ இருக்க வேண்டும். கடையில் மட்டும் எல்லாவற்றுக்கும் புரோபயாடிக் என்ற ஒரே பெயர்தான். உங்கள் மகள் பூசுவதும் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நம் நாட்டில் இவை 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்கீழ் விற்கப்படுகின்றன. மருந்து என்ற பெயரில் விற்பதற்குத் தர வேண்டிய நிரூபணத்தை இவை தந்திருக்க வேண்டியதில்லை.

உயிரில்லை என்பதால் பயனில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. உங்கள் மாமியாருக்கும் பிடிக்கும், ஏனென்றால் அதன் நாயகன் தயிர்ப் பாக்டீரியாதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்று பெயர். இத்தாலியில் ஒரு குழு இந்தப் பாக்டீரியாவை ஒலி அலையால் உடைத்து, சாற்றை ஒரு க்ரீமில் கலந்து, கரப்பான் நோயாளிகளின் முன்கையில் இரண்டு வாரம் பூசிப் பார்த்தது. 2003இல் வெளிவந்த ஆய்வு. தோலின் மேலடுக்கில் செராமைடு கூடியது, சிவப்பும் அரிப்பும் குறைந்தன. செராமைடு என்பது தோல் செல்களுக்கு இடையில் இருக்கும் கொழுப்பு. கண்மாய்க் கரையில் அடித்து இறுக்கிய களிமண் மாதிரி, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. கரப்பான் தோலில் இந்தக் கொழுப்புதான் குறைகிறது. அந்தப் பாக்டீரியாவில் இருக்கும் ஒரு என்சைம் தோலில் ஏற்கெனவே உள்ள வேறொரு கொழுப்பை உடைத்துச் செராமைடு ஆக்கிக்கொடுக்கிறது. அழகான வேலை. ஆனால் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் மட்டும் செய்து பார்த்தது.

அதைவிடக் கொஞ்சம் பெரிய ஆய்வு 2008இல் வந்தது. வெந்நீர் ஊற்றில் வளரும் விட்ரியோசில்லா ஃபிலிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவின் சாறு 5 சதவீதம் கலந்த க்ரீமை, கரப்பான் உள்ள 75 பேரை இரண்டாகப் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சாறு கலந்ததைப் போட்டவர்களுக்குக் குணம் கூடுதலாகத் தெரிந்தது. பருவுக்கு என்று பார்த்தால், 2009இல் கொரியாவில் என்ட்ரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா சுரந்த பொருளை லோஷனாக 8 வாரம் போட்டதில் அழற்சியுள்ள பருக்கள் குறைந்தன. பெல்ஜியத்தில் 2022இல் உயிருள்ள லாக்டோபேசில்லஸ் வகைகளை நுண்ணிய உறைக்குள் அடைத்து, க்ரீமில் கலந்து, முகப்பருவில் ஓரளவு பலன் பார்த்திருக்கிறார்கள்.

இவற்றை வைத்து நான் என்ன நினைக்கிறேன் என்றால், நல்ல வாசல் ஒன்று திறந்திருக்கிறது, உள்ளே இன்னும் அதிகம் போகவில்லை. ஒவ்வொரு ஆய்வும் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா, குறிப்பிட்ட அளவு, குறிப்பிட்ட தயாரிப்பு. கொரியாவில் ஒரு லோஷன் வேலை செய்தது என்பதற்காக, வேறொரு பாக்டீரியாவின் சாற்றைத் துளி கலந்து விற்கும் சீரமும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. உங்கள் மகளின் சீரத்தில் ஈரம் தரும் கிளிசரின், ஹயலூரோனிக் ஆசிட், நியாசினமைடு போன்றவையும் இருக்கலாம். முகம் மிருதுவாகிறது என்றால் அதில் பாதிப் பெருமை இவற்றுக்குப் போக வேண்டும்.

உயிருள்ள பாக்டீரியாவை மருந்தாகவே பூசும் முயற்சியும் நடக்கிறது. ரோசியோமோனாஸ் மியூகோசா என்ற பாக்டீரியாவை ஆரோக்கியமானவர் தோலிலிருந்து எடுத்து வளர்த்து, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 10 பெரியவர்களுக்கும் 5 குழந்தைகளுக்கும் பூசினார்கள். 2018இல் நல்ல முடிவு வந்தபோது தோல் மருத்துவர்களான எங்களுக்கெல்லாம் பெரிய மகிழ்ச்சி. கரப்பான் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். அப்புறம் ஒரு நிறுவனம் இன்னும் பெரிய அளவில், வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தது. 2021இல் முடிவு வந்தது: எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 54 பெரியவர்களிடம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸைப் பூசிப் பார்த்தார்கள். பாதுகாப்பாக இருந்தது, ஆரியஸ் குறைந்தது. ஆனால் மொத்தத்தில் நோயின் கடுமையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வற்றிப்போன கண்மாயில் மீன்குஞ்சை மட்டும் விட்டால் எத்தனை நாள் தாங்கும்? கரையை அடைத்து, தண்ணீரும் நிற்க வேண்டும்.

இனித் தயிர். உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மதித்தே சொல்கிறேன். என் அப்பத்தாவும் தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் முகத்தில் தயிரும் கடலைமாவும் தேய்த்துத்தான் உட்கார வைப்பார். தயிர் புளிப்பானது. நம் தோலும் லேசான புளிப்புத்தன்மை கொண்டதுதான், அதன் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை (7க்குக் கீழே என்றால் புளிப்பு, மேலே என்றால் காரம்). தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் இறந்த செல்களை மெதுவாகத் தளர்த்தும், தோல் வழவழப்பாகும், குளிர்ச்சியாக இருக்கும். காயம், புண், பரு எதுவும் இல்லாத முகத்தில் பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் கெடுதல் இல்லை. ஆனால் வீட்டுத் தயிரில் நாம் விரும்பும் பாக்டீரியாவோடு, உறை மோரிலும் பாத்திரத்திலும் கையிலும் இருந்து வந்த எதுவும் இருக்கலாம். வயிற்றுக்குள் போனால் அங்கே அமிலம் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளும். வெடித்த தோலுக்கு அந்தக் காவல் கிடையாது.

இன்னொரு அபாயம் பலருக்குத் தெரியாது. கரப்பான் தோலில் கரை உடைந்திருக்கிறது என்றேனே, அந்த வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால், உடல் அதை உணவாகப் பார்க்காமல் எதிரியாகப் பதிவு செய்துகொள்ளக் கூடும். பிறகு அதே பொருளைச் சாப்பிடும்போது ஒவ்வாமை வரும். ஜப்பானில் இது பெரியவர்களுக்கே நடந்தது. கோதுமைப் புரதத்தை உடைத்துக் கலந்த முகச் சோப்பு ஒன்று அங்கே நன்றாக விற்றது. அதைப் பயன்படுத்திய 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்துவிட்டது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டவர்கள். அதனால் கரப்பான் உள்ள குழந்தைக்குத் தயிர், பால், கடலைமாவு, பயத்தமாவு எதையும் தேய்க்க வேண்டாம் என்று என்னிடம் வரும் எல்லா அம்மாக்களிடமும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். முழங்கால் மடிப்பில் தயிரும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துப் போட்டு, துணியால் கட்டி, ஒரு வாரம். கட்டைப் பிரித்தபோது சீழ். அந்தப் பாட்டி அழுத அழுகை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பாசத்தில் செய்தார், அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. மோராகவும் தயிர்ச்சோறாகவும் பழையசோற்று நீராகாரமாகவும் பிள்ளை தாராளமாகச் சாப்பிடட்டும், ஒவ்வாமை இல்லாதவரை.

கரப்பானுக்குப் புரோபயாடிக் பாக்கெட் கரைத்துக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் அடுத்து வரும். 39 ஆய்வுகளில் 2,599 பேரின் விவரங்களைச் சேர்த்து 2018இல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு ஆராய்ந்தது. வாய்வழி புரோபயாடிக்கால் கரப்பான் அறிகுறிகளில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை என்றுதான் முடிவு வந்தது. அந்தக் காசை மிச்சம் பண்ணுங்கள்.

மகனுக்கு என்ன செய்வது? முதலில் குளியல். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் போட்டுத் தேய்ப்போம், அலசினாலும் பிசுபிசுப்பு போகாது. சாதாரணக் கட்டிச் சோப்பின் பி.எச். 9, 10 என்று காரமாக இருக்கும். புளிப்பான தோலுக்கும் அதில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் அது பெரிய அடி. சோப்பில்லாத, வாசனையில்லாத கிளென்சர் வாங்குங்கள். மெடிக்கலில் சின்டெட் என்று கேட்டாலே தருவார்கள். அதையும் அக்குள், இடுப்பு, பாதம் போன்ற அழுக்குப் படும் இடத்துக்கு மட்டும் போட்டால் போதும். தண்ணீரை மென்மையாக்கும் மிஷின் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து 2011இல் அதைச் சோதித்தார்கள், கரப்பானுக்குக் கூடுதல் பலன் இல்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் போடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் ஒரு முறை. விலை தாங்கவில்லை என்றால் வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் போடலாம். பிலிப்பைன்ஸில் 117 கரப்பான் குழந்தைகளிடம் 2014இல் பார்த்த ஆய்வில், 8 வாரம் தேங்காய் எண்ணெய் போட்டவர்களுக்கு மினரல் ஆயிலைவிட நல்ல பலன் தெரிந்தது. அதற்கு முந்தைய இன்னொரு ஆய்வில், தோலில் ஆரியஸையும் அது குறைத்தது. உயிருள்ள பாக்டீரியாவை வைத்து உலகமெல்லாம் தேடும் காரியத்தில் ஒரு பங்கை நம் வீட்டு எண்ணெய்ச் செம்பு செய்கிறது. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் வேண்டாம், அவை தோலின் கரையை இன்னும் கலைக்கும். தேங்காய் எண்ணெயை மகள் முகத்தில் மட்டும் போடாதீர்கள், துவாரத்தை அடைத்துப் பருவைக் கூட்டும்.

அவன் தோல் சிவந்து பொங்கும் நாட்களுக்கு மருத்துவர் ஒரு லேசான ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதித் தரலாம். எத்தனை நாள், எந்த இடம் என்று சொன்னபடி போட்டால் அது நல்ல மருந்து. அடுத்து நான் சொல்லப்போவதைப் படித்துப் பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சலோடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது மகள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீம், ஏழெட்டு மாதம், போட்டவரை பளிச், விட்டால் சிவப்பும் எரிச்சலும். சகோதரி, இந்த நான்கையும் சேர்த்துக் கேட்டால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான். அந்தக் க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறது. டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கலாம். பக்கத்திலேயே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்றும் இருந்தால் அது மங்குக்குச் சில வாரங்கள் மட்டும், கண்காணிப்போடு கொடுக்கும் மூன்று மருந்துக் கலவை. அதைச் சிவப்பழகு க்ரீம் மாதிரி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். ரத்தக்குழாய்கள் நூல் நூலாகத் தெரியும். கன்னத்தில் முடி வளரும். வெயிலில் இறங்கினால் எரியும். ஒரே அளவில், ஒரே மாதிரியான பருக்கள் திடீரென்று நிறைய வரும். ஒரு வருடமாக இருக்கும் இந்தப் பருவில் ஒரு பங்கு அந்த க்ரீம் கொடுத்ததாகவே இருக்கலாம்.

இப்படிப்பட்ட முகங்கள் வாரந்தோறும் என்னிடம் வருகின்றன. கல்லூரிப் பெண்கள், கல்யாணம் நிச்சயமான பெண்கள், இப்போது பையன்களும். கறுப்பாக இருக்கிறாய் என்று யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகத் தோலைப் பணயம் வைக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. ஸ்டீராய்டு சேர்ந்த 14 வகைப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சிலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது.

விட்டால் சிவக்கிறது என்பதால் அது தனக்கு ஒத்துக்கொள்கிறது என்று மகள் நினைக்கிறாள். தோல் அந்த மருந்துக்குப் பழகிப்போனதன் அடையாளம்தான் அந்தச் சிவப்பு. விட்ட சில நாட்களில் முகம் பொங்கும், எரியும், பரு கூடும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருந்து அடங்கும். இந்தக் கட்டத்தில் பயந்துபோய் மறுபடி அதே டியூபை எடுப்பதுதான் சுழல். இதைத் தனியாகக் கடக்க வேண்டாம். வீரியம் குறைந்த மருந்துக்கு மாறி, படிப்படியாக விட்டு, இடையில் எரிச்சலுக்கு மாத்திரையோ வேறு களிம்போ கொடுத்து வெளியே கொண்டுவர முடியும். அதற்கு நேரில் பார்க்க வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். அல்லது நீங்கள் வழக்கமாகப் போகும் தோல் மருத்துவரிடம் போங்கள். அதுவரை அவள் முகத்துக்குச் சோப்பில்லாத கிளென்சர், வாசனையில்லாத மாய்ஸ்ச்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்று மட்டும் போதும். ஆவி பிடிப்பது, ஸ்க்ரப், எலுமிச்சை, பார்லர் ஃபேஷியல் எதுவும் கூடாது. புரோபயாடிக் சீரத்தையும் அலமாரியில் எடுத்து வைக்கட்டும். இப்போதைய நிலையில் நல்ல பொருள்கூட அவளுக்கு எரியும், எதனால் எரிகிறது என்றும் கண்டுபிடிக்க முடியாது.

முகம் அடங்கிய பிறகும் பரு இருந்தால் அதற்கு நிரூபணமான மருந்துகள் இருக்கின்றன. பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீதம், இரவில் அடாபலீன், சிலருக்கு அசெலாயிக் ஆசிட். எதுவானாலும் 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். பென்சாயில் பெராக்ஸைடு தலையணை உறையையும் துப்பட்டாவையும் வெளுக்க வைக்கும், சொல்லி வையுங்கள். கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போட்டால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும், அதனால் அதை மட்டும் வாங்கிப் போட வேண்டாம். துப்பட்டா என்றதும் ஞாபகம் வருகிறது: வெயிலுக்காக முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் போகிறாள் என்றால், அதைத் தினமும் துவைக்க வேண்டும். நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவில் அரிக்கும் சின்னப் பருக்கள் இருந்தால் அது பருவாக இல்லாமல் மலசீசியா என்ற ஈஸ்ட்டால் வந்ததாக இருக்கலாம். தேமலுக்கும் அதே ஈஸ்ட்தான் காரணம். வியர்க்கும் நம் ஊரில் அது சாதாரணம், ஆனால் மருந்து வேறு.

இவ்வளவும் ஆன பிறகு அந்த சீரம் காலாவதி ஆகாமல் இருந்தால், ஆசைப்பட்டு வாங்கிய பெண்ணிடம் தூக்கிப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். முழங்கை உள்பக்கம் ஒரே இடத்தில் காலை மாலை ஒரு வாரம் பூசிப் பார்க்கட்டும். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்தில், மருந்து போடாத வேளையில் போடலாம். இதுபோன்ற பொருள்களில் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் வாசனைப் பொருளோ பதப்பொருளோதான் காரணமாக இருக்கும். உண்மையிலேயே உயிருள்ள பாக்டீரியா என்று, வகையின் முழுப்பெயரும் எண்ணிக்கையும் போட்டு, ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி ஒரு பொருள் வந்தால் அது வேறு கணக்கு. புண்ணுள்ள தோலிலும், கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர், பச்சைக் குழந்தை இவர்களிடமும் அதை மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

மகளைத் திட்டாதீர்கள். அடுத்த வாரத்துக்குள் அழைத்துப் போங்கள். போகும்போது சீரம் பாட்டிலோடு அந்த மெடிக்கல் க்ரீம் டியூபையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். காலியான டியூபாக இருந்தாலும் பரவாயில்லை, பின்பக்கத்து எழுத்து தெரிந்தால் போதும்.